ஐந்து அங்குலம் போதும்

ஸ்ஃபாக்ஸ்,
9 ஜனவரி 2004

அன்புள்ள நஜீபா அக்காவுக்கு,

ஸலாம். நீயும் உன் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே நான், வஸீலா, நம் பெண் ஸிரீன் மூவரும் இறைவன் கருணையால் நலம். ஸிரீனுடைய நிச்சயத்துக்கு நீ வராதது எல்லாருக்கும் குறைதான். வேலை என்றாய். சரி. போன வாரம் நான்கு முறை உனக்குத் தொலைபேசி போட்டேன். மணி அடித்து அடித்து அதுவே களைத்து நின்றது. அதனால் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதே. நான் ஒரு எலெக்ட்ரிக் கிதார் வாங்கியிருக்கிறேன். எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் குடும்பத்தோடு கனடா போகிறார். விமானத்தில் எடுத்துப்போக முடியாததையெல்லாம் ஆசிரியர் அறையில் பரப்பி வைத்தார். மற்றவர்கள் மின்விசிறியும் இஸ்திரிப்பெட்டியும் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கிதார்.

அதை ஸிரீனுடைய பழைய டேப்ரிகார்டரில் மைக் செருகும் துளையில் மாட்டிப் பார்த்தேன். தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தம் நின்று வாசனை வந்தது. வேதியியல் ஆசிரியன் என்பதால் எரிவது பிளாஸ்டிக்தான் என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். டேப்ரிகார்டர் பிழைத்துக்கொண்டது. அந்தத் துளை மட்டும் போய்விட்டது.

வீட்டில் பழகுவதற்கு மானிட்டர் ஸ்பீக்கரும் ஒலி கலக்கும் ஒரு மிக்ஸரும் வேண்டுமாம். பாப் திவான் கோட்டைவாசல் பக்கத்துக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உஸ்தாத், ரெண்டு பெரிய பெட்டியா வாங்கிப் போடுங்க. பதினஞ்சு அங்குலம். நீங்க வாசிக்காத நாள்ல கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடலாம்!" என்கிறார். என் அறை உனக்குத் தெரியும். தையல் மெஷினும் ஆலிவ் எண்ணெய் ஜாடிகளும் போக, ஒரு நாற்காலிக்குத்தான் இடம்.

முப்பது வருடமாக வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு செய்பவள் என் சொந்த அக்கா. நான் ஏன் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்? விலை குறைவாக, ஆனால் உருப்படியாக எதை வாங்கலாம் என்று எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரை வழிமறிக்கும்,
ஸாதிக்


துனிஸ்,
30 ஜனவரி 2004

தம்பி ஸாதிக்குக்கு,

ஸலாமும் முத்தங்களும். முட்டி பரவாயில்லை, மாடிப்படிதான் மோசம். ஸிரீனுக்கு என் ஆசி.

தொலைபேசியை நான் எடுப்பதில்லை. முப்பத்தொரு வருடமாகக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் பேச்சுக்கு நடுவே இருமுவதைக் கேட்டவள் நான். வீட்டுக்கு வந்தபின் இன்னொரு குரல் வேண்டாம். கடிதமே எழுது. உன் கையெழுத்து இன்னும் மருந்துச் சீட்டு மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் படித்துவிடுகிறேன்.

அந்தப் பதினைந்து அங்குலத்தைக் கடைக்காரர் தன் தலைமாட்டில் வைத்துக்கொள்ளட்டும். உனக்கு ஐந்து அங்குலம் போதும். சின்ன அறையில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் அடித்தொனி வெளியேற வழியில்லாமல் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு உறுமும். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஜோடியாகப் பார். சுவரை ஒட்டி வைக்காதே, ஒரு முழம் தள்ளி வை. உட்கார்ந்தால் உன் காது எந்த உயரமோ அந்த உயரம். நீயும் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக இருக்க வேண்டும்.

மிக்ஸரில் நான்கு வழி இருந்தால் தாராளம். பதினாறு வழி உள்ளதைக் காட்டி மயக்குவார்கள். உன்னிடம் இருப்பது ஒரு கிதார். அதை நேராகச் செருக ஒரு துளை இருக்கிறதா என்று மட்டும் பார். ஹெட்போன் துளையும் அவசியம், கீழ்வீட்டு ஹாஜியாரோடு நீ இன்னும் பல காலம் ஒரே கட்டடத்தில் வாழ வேண்டும். கிதாருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் காலால் மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டி வை. அது இல்லாவிட்டால் மறுபடி குளவிதான். போடும்போது மிக்ஸர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது தலைகீழாக.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பாட்டுப்பெட்டி எதையும் இனிப்புத் தடவித்தான் கொடுக்கும். மானிட்டர் அப்படி இல்லை. நீ எப்படி வாசித்தாயோ அப்படியே திருப்பிக் காட்டும். தாங்குவாயா?

அதுசரி, நாற்பத்தேழு வயதில் எதற்குக் கிதார்?

எல்லாரும் சுகமாக இருங்கள் என்று வேண்டிக்கொள்ளும்,
நஜீபா


ஸ்ஃபாக்ஸ்,
16 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே உடம்புக்குக் குறைவில்லை, மனம்தான் சரியில்லை. கேள்.

வெள்ளிக்கிழமை குஸ்குஸ் பரிமாறிக்கொண்டிருந்தாள் வஸீலா. நல்ல நேரம் என்று எண்ணி, "ஒரு மிக்ஸர் வாங்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "நெஜமாவா? இருபத்திரண்டு வருஷமா ஹரிஸ்ஸா மிளகாயை உரல்லயே இடிக்கிறேனே, இப்பத்தான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

அந்த இடத்திலேயே திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. முழுப் பட்டியலையும் சொன்னால் தானாகப் புரியும் என்று நினைத்து, "கூடவே ரெண்டு மானிட்டர்" என்றேன்.

"ரெண்டு பேரா? எதுக்குங்க ரெண்டு? ஒருத்தர் போதும். நான் என்ன லாரியா ஓட்டப்போறேன்?"

அக்கா, கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவரையும் நம் ஊரில் மானிட்டர் என்றுதான் சொல்கிறோம் என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. எட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து வந்து, ஸிரீன் பார்க்கப் பார்க்க, என் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். "உங்க அப்பா மாதிரி ஒரு மனுஷன் ஸ்ஃபாக்ஸ்லயே கிடையாது" என்று மகளிடம் சொன்னாள். அதற்குப் பிறகு எந்த ஆண்மகன் திருத்துவான்?

ஆக, சமையலறைக்கு மிக்ஸர் வந்துவிட்டது. நன்றாகத்தான் அரைக்கிறது. செவ்வாயும் வியாழனும் மீசை வைத்த ஒரு மானிட்டர் வருகிறார். வண்டியில் ஏறுமுன் நம் வீட்டு மக்ரூத் பலகாரத்தில் நான்கு சாப்பிடுகிறார். சாலை விதிகளைப் பாடம் பண்ண ஒரு கேஸட்டும் கொடுத்திருக்கிறார். வீடு முழுக்க அதுதான் ஓடுகிறது. என் கிதார் மூலையில் ஊமையாக நிற்கிறது.

எதற்குக் கிதார் என்று கேட்டாய். சும்மா, பொழுதுபோக்கு.

அடுத்து என்ன செய்வதென்று உன் வாக்கை எதிர்பார்க்கும்,
ஸாதிக்


துனிஸ்,
25 மார்ச் 2004

தம்பிக்கு,

ஸலாம். பதில் தாமதம். மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை, நிலையத்தில் என்னை ஆவணக் காப்பகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பதவி உயர்வு மாதிரிதான். பழைய ஒலிநாடாக்களுக்கு அட்டை எழுதி அடுக்குகிறேன். அமைதியான இடம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி என்ன என்று சைகையில் கேட்டாள். வஸீலாவுக்கு என் வாழ்த்து. அவள் இத்தனை வருடம் இடித்த ஹரிஸ்ஸாவுக்கு நீ இரண்டு மிக்ஸரும் மூன்று மானிட்டரும் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

அவளிடம் உண்மையைச் சொல். சொல்லிவிட்டு, கடைக்குப் போகும்போது அவளையே கூட்டிக்கொண்டு போ. ஸ்பீக்கர் வாங்கும்போது யாரும் தன் காதை மட்டும் நம்பக் கூடாது. அவளுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கொண்டுபோய் ஒவ்வொரு ஜோடியிலும் போட்டுக் கேட்கச் சொல். கடைக்காரர் குமிழ்களைத் திருகி வைத்திருப்பார், எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். சத்தம் பெரிதாக இருப்பது நல்லது என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். நம்பாதே.

பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தாய். உன் பொழுதுபோக்கு என்ன என்று எனக்குத் தெரியும். செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது. ஆகவே மறுபடி கேட்கிறேன்: எதற்கு?

நலமே விழையும்,
நஜீபா


ஸ்ஃபாக்ஸ்,
18 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். பதவி உயர்வுக்கு எங்கள் எல்லாருடைய வாழ்த்துகளும். ஸிரீன் உனக்காக ஒரு மேஜைவிரிப்பு பின்னுகிறாள்.

வாங்கிவிட்டேன்! வஸீலாவிடம் உண்மையைச் சொன்னபோது ஒரு முழு நாள் பழைய உரலிலேயே ஹரிஸ்ஸா இடித்தாள். மறுநாள், "சமையலறை மிக்ஸரும் மீசைக்காரரும் வந்தது வந்ததுதான், திருப்பித் தர்றதா இருந்தா நான் உங்ககூடக் கடைக்கு வரமாட்டேன்" என்று நிபந்தனை போட்டாள். ஒப்புக்கொண்டேன்.

முதல் கடையில் அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "இது இடிக்குதே தவிரப் பாடலையே. பாட்டு எங்கப்பா?" என்று கேட்டாள். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டாவது இடம் கடை அல்ல. பள்ளி நாடகங்களுக்கு ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் ஒருவர் வேறு சாமான்கள் வாங்கிக்கொண்டு பழைய ஐந்து அங்குல ஜோடியை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வஸீலா கண்ணை மூடிக் கேட்டாள். பாதிப் பாட்டில், "பாடறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சை இழுக்கறது கேக்குது. இத்தனை வருஷம் கேட்ட பாட்டு, மூச்சு இன்னிக்குத்தான் கேக்குது. இதையே எடுங்க" என்றாள். எடுத்தேன். மிக்ஸர் புதிது. நான்கு வழி, பள்ளி நோட்டுப் புத்தகம் அளவுதான்.

எண்ணெய் ஜாடிகள் கூடத்துக்குப் போய்விட்டன. இடது ஸ்பீக்கர் கரிம வேதியியல் புத்தகங்கள் மேலும் வலது ஸ்பீக்கர் கனிம வேதியியல் மேலும் என் காது உயரத்துக்கு நிற்கின்றன. மூன்று முனையும் சரியாக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்து அளந்தேன். நீ சொன்னது உண்மை. அவை பொய் சொல்வதே இல்லை. என் வாசிப்பை முதல்முறை கேட்டபோது, பூஜ்யம் வாங்கிய மாணவனின் விடைத்தாளைத் திருத்துவது போலிருந்தது. அந்த மாணவனும் நானே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அப்பா ஸி ஹம்தா, மஹ்தியாவிலிருந்து ஊத் வாத்தியத்தோடு வந்திருந்தார். மடியில் வைத்து வாசித்தாரே பார், கூடமே உருகிவிட்டது. வாசித்து முடித்துச் சுற்றிப் பார்த்து, "சம்பந்தி வீட்ல வாத்தியம் தொடறவங்க யாருமில்லையா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் பக்கத்துப் பெண்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் வாய் என்னைக் கேட்காமல், "நான் கிதார் வாசிப்பேன்" என்றது.

"எத்தனை வருஷமா?"

"சின்ன வயசுலேர்ந்து."

கட்டிப்பிடித்துக்கொண்டார். "சொல்லவேயில்லையே! அப்ப மருதாணி விழாவுல நாம ரெண்டு பேரும் வாசிக்கறோம்!" அழைப்பிதழிலும் அச்சாகிவிட்டது. ஆகஸ்ட் 19. இப்போது எதற்கு என்று தெரிந்ததா?

இத்துடன் ஒரு கேஸட் அனுப்புகிறேன். மிக்ஸரிலிருந்து டேப்ரிகார்டரின் எரியாத இன்னொரு துளைக்கு வயர் இழுத்துப் பதிவு செய்தது, ஒரே பாட்டு. பின்னணியில் குளிர்சாதனப் பெட்டி முனகுவது போல ஓர் இரைச்சல் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று சொல். அதைவிட முக்கியம்: இதை நாற்பது பேர் முன் வாசிக்கலாமா, கூடாதா? கூடாது என்றால் இப்போதே காலை உடைத்துக்கொண்டு படுத்துவிடுவேன். நீ சொன்னால் போதும். வேறு யாரையும் நான் நம்பவில்லை.

உன் தீர்ப்புக்குத் தலைகுனிந்து நிற்கும்,
ஸாதிக்


துனிஸ்,
20 மே 2004

தம்பிக்கு,

ஸலாம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அங்கே எல்லாரும் சுகம்தானே?

உண்மையாளன் என்று பொருள் வரும் பெயரை அப்பா உனக்கு வைத்தார். சின்ன வயதிலிருந்தா? பாவம் அப்பா.

கேஸட்டைக் கேட்டேன். இரண்டு முறை. நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கிறது. தாளம் ஒரே சீர். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவசரப்படாமல் இடம் விட்டு, நிதானமாக அடுத்ததை எடுக்கிறாய். அந்த நிதானம் சொல்லிக்கொடுத்து வராது. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் திடீரென்று உரக்க எழும்புகிறது, அதைக் கொஞ்சம் அடக்கி வாசி. இரைச்சலைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

பயமில்லாமல் வாசி. காலை உடைத்துக்கொள்ளாதே.

மகிழ்ச்சியோடு,
நஜீபா


ஸ்ஃபாக்ஸ்,
27 மே 2004

மதிப்புக்குரிய நஜீபா அவர்களுக்கு,

ஸலாம். தாங்கள் நலமென்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

தங்கள் கடிதம் கிடைத்த மகிழ்ச்சியில் மூன்று நாள் ஊரெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். ஸி ஹம்தாவுக்குத் தொலைபேசி செய்து, ஒரு பாட்டு போதாது, இரண்டு வாசிக்கலாம் என்றும் சொல்லிவிட்டேன்.

நேற்று மீசைக்கார மானிட்டர் சாலை விதிக் கேஸட்டைத் திருப்பிக் கேட்டார். வஸீலா எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அதில் நான் கிதார் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, தங்களுக்கு வந்தது சாலை விதிகள். தாங்கள் இரண்டு முறை கேட்டு ரசித்த அந்த நிதானம், இடதுபுறம் திரும்புமுன் கவனிக்க வேண்டியவற்றை வாசிக்கும் அரசாங்கக் குரலுடையது. அடக்கி வாசிக்கச் சொன்ன அந்த இரண்டு இடங்களும் லாரி ஹாரன்.

கேட்கவே இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே? குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது போலப் பாராட்டை எழுதி அனுப்பிவிட்டீர்கள். நாற்பது பேர் எதிரில் என் மகளின் விழாவில் நான் போய் அவமானப்பட்டிருப்பேன். ஊரே சிரித்தாலும் தாங்குவேன். உங்களுக்கு இரண்டு நிமிடம் இல்லாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஸாதிக்


துனிஸ்,
15 ஜூன் 2004

ஸாதிக்,

ஸலாம். இதை ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கேட்டேன் தம்பி. உண்மையிலேயே இரண்டு முறை கேட்டேன். எனக்குத்தான் கேட்கவில்லை.

வலது காது போய் மூன்று வருடம் ஆகிறது. இடது காது அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தால் பாதி புரியும். தொலைபேசிக்கு உதடு இல்லை. நிச்சயத்துக்கு வராததும் அதனால்தான். நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் கூடத்தில் நான் பைத்தியக்காரி மாதிரி எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். காப்பகம் பதவி உயர்வு அல்ல. ஒரு நேரடி நிகழ்ச்சியில் மைக் ஊளையிட்டிருக்கிறது, கட்டடத்தில் எல்லாருக்கும் கேட்டது, குமிழைப் பிடித்திருந்த எனக்கு மட்டும் கேட்கவில்லை. மேலே உள்ளவர்கள் நல்லவர்கள், அலுப்பு என்று எழுதிக்கொண்டு என்னைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள்.

உன் கேஸட்டை நிலையத்துப் பழைய ரிகார்டரில் போட்டேன். ஹெட்போனில் முழுச் சத்தம் வைத்தேன். தொட்டிக்குள் யாரோ தண்ணீர் ஊற்றுவது போல என்னவோ வந்தது. அதனால் ஊசியைப் பார்த்தேன். சத்தத்துக்கு ஏற்ப ஆடும் அந்த முள்ளை முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிறேன், அது என் இன்னொரு காது. அழகாக எழுந்து அழகாக விழுந்தது. சீரான இடைவெளி. என் தம்பிக்கு இவ்வளவு நிதானமா என்று பெருமையில் கண் கலங்கியது. அரசாங்கக் குரலுக்காக அழுத ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

நீயே ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டு என்னிடம் உண்மையைக் கேட்டாய். அந்த நேரத்தில் நானும் ஒரு பொய்யைத்தான் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது.

இரைச்சலுக்கு மட்டும் காது வேண்டாம், அனுபவம் போதும். மிக்ஸர், ஸ்பீக்கர், மிதிபெட்டி மூன்றையும் ஒரே மின்பலகையில் செருகு. அப்படியும் போகாவிட்டால் வயரை மாற்று.

வாசிக்கலாமா என்பதை வஸீலாவிடம் கேள். மூச்சைக் கேட்டவள் அவள்.

என்னை மன்னிக்க முடிந்தால் ஒரு வரி எழுது.
நஜீபா


ஸ்ஃபாக்ஸ்,
22 ஜூன் 2004

என் அக்காவுக்கு,

ஸலாம், ஆயிரம் ஸலாம். உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். தபால்காரர், "யாராவது இறந்துட்டாங்களா உஸ்தாத்?" என்று கேட்டார். இல்லை, ஒரு மடையன் உயிரோடு இருக்கிறான் என்றேன். போன கடிதத்தைக் கிழித்துவிடு. அதிலுள்ள "தாங்கள்" எல்லாவற்றையும் தின்றுவிடச் சொன்னாலும் தின்பேன்.

மின்பலகை யோசனை பலித்தது. இரைச்சல் போய்விட்டது. வஸீலாவிடம் தீர்ப்புக் கேட்டேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "ஒரு பாட்டுன்னா பொறுத்துக்குவாங்க. ரெண்டுன்னா கல்யாணம் நின்னுடும்" என்றாள். ஸி ஹம்தாவிடம் மறுபடி ஒரு பாட்டு என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. மருதாணி விழாவுக்கு இரண்டு நாள் முன்பே நீ இங்கே வருகிறாய், மிக்ஸரை நீதான் பிடிக்கப் போகிறாய். காது கேட்காது என்று எழுதாதே. வாசிக்கத் தெரியாதவன் வாசிக்கும்போது கேட்காதவள் குமிழைப் பிடிப்பதில் என்ன குறை? அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. பார்த்துக்கொண்டிரு. கூடத்தில் யார் பேசினாலும் ஸிரீன் உன் பக்கத்தில் நின்று உதட்டை அசைத்துச் சொல்வாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். "அத்தை வரலைன்னா மருதாணி வெச்சுக்க மாட்டேன்" என்கிறாள்.

வஸீலா இரண்டாவது தடவையில் ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டாள். அவளே உன்னை அழைத்துவர துனிஸ் வரை ஓட்டி வருகிறாள். பயப்படாதே. இடதுபுறம் திரும்பும்போது அவள் காட்டும் நிதானத்தை நீ ஏற்கெனவே பாராட்டியிருக்கிறாய்.

உன் வருகைக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
ஸாதிக்


ஸ்ஃபாக்ஸ்,
29 ஆகஸ்ட் 2004

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். ஊர் போய்ச் சேர்ந்து முட்டி என்ன சொல்கிறது? ஸிரீன் மஹ்தியாவில் சுகம். வீடு காலியாகிவிட்டது. எண்ணெய் ஜாடிகளை அவள் அறைக்கு மாற்றிவிட்டு, வஸீலாவும் நானும் அந்த ஜாடிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

யார் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் கீழ்வீட்டு ஹாஜியார் பக்கத்திலிருந்தவரிடம், "நாலு மாசமா இந்த ஒரே பாட்டுதான். எனக்கே வாசிக்க வரும்" என்றார். ஆரம்பிக்குமுன் எல்லாரும் காதைப் பொத்தினார்களே, அது பேசுவதற்கு வைத்த மைக்கில் வந்த இரைச்சல். யாரும் வாசிக்காதபோதே பச்சை விளக்கு துடிப்பதைப் பார்த்து நீ ஒரு வயரைப் பிடுங்கினாய் பார், அந்த நொடியில் நின்றது. வாடகைப் பந்தல்காரர், "யாருய்யா இந்தம்மா, காதா கம்ப்யூட்டரா?" என்றார். ஸிரீன் உன்னிடம் இதைச் சொல்ல வாயெடுத்துச் சிரித்தே விட்டாள்.

பிறகு நான் வாசித்தேன். ஸி ஹம்தா ஊத்தில் மெல்லத் தாங்கிக்கொண்டே வந்தார். பாதியில் எனக்கு ஒரு கணம் எல்லாம் மறந்து, கை நின்றுவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். ஸி ஹம்தாவும் நிறுத்திவிட்டார். அப்புறம் எப்படியோ விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டேன்.

இனிமேல்தான் வேடிக்கை. மஹ்தியாப் பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். "பாவம், பொண்ணை அனுப்பற துக்கம், விரல் ஓடலை மனுஷனுக்கு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். முடிந்ததும் ஸி ஹம்தா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, முப்பது வருஷமா வாசிக்கறேன். இன்னிக்கு நடுவுல நீங்க விட்டீங்களே ஒரு மௌனம், அது எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அது விரல்லேர்ந்து வராது, நெஞ்சுலேர்ந்துதான் வரும்!" அவர் கண்ணில் தண்ணீர். நான் பணிவாக இருந்தேன்.

வஸீலா மட்டும் வீட்டுக்கு வந்ததும், "நெஞ்சு நெஞ்சுன்னு ரொம்ப நிமிர்த்தாதீங்க, சட்டைப் பொத்தான் தெறிச்சிடும்" என்றாள்.

காதுக்கருவிக்கு அளவெடுக்க வஸீலா உன்னை அழைத்துப் போனாளே, அது வந்துவிட்டதா? கல்யாண வீடியோப் படத்தின் பிரதி ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஸிரீன் அழகாக இருக்கிறாள். அதற்காகப் பார்.

எப்போதும் உன் நலம் தேடும்,
ஸாதிக்


துனிஸ்,
3 அக்டோபர் 2004

தம்பிக்கு,

ஸலாம். முட்டி நலம், நானும் நலம். வஸீலாவைத் தனியாக விசாரித்ததாகச் சொல். ஜாடிகளைப் பார்த்தது போதும், இருவரும் மஹ்தியா போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கருவி வந்துவிட்டது. அவரைவிதை அளவு இருக்கிறது. இடது காதில் மாட்டியதும் முதலில் கேட்டது என் செருப்புச் சத்தம். வீட்டில் இன்னொருவர் நடக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். மேல்வீட்டுக்காரி தன் புருஷனை என்னவெல்லாம் திட்டுகிறாள் தெரியுமா? மூன்று வருடம் எவ்வளவு இழந்துவிட்டேன்! நிலையத்தில் மேலதிகாரியிடம் நானே போய், அலுப்பு இல்லை ஐயா, காது, என்று சொன்னேன். "தெரியும்மா, நீங்களே சொல்லட்டும்னுதான் காத்திருந்தோம்" என்றார். காப்பகத்திலேயே இருக்கிறேன் என்று நானே கேட்டுக்கொண்டேன். இப்போது அட்டை எழுதுமுன் ஒவ்வொரு நாடாவையும் கேட்கிறேன்.

வீடியோப் படத்தை ஸிரீனுக்காகப் பார்த்தேன். பிறகு உனக்காகப் பார்த்தேன். பிறகு அந்த மௌனம் வரும் இடத்தை மட்டும் ஒன்பது முறை பார்த்தேன்.

கை நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் கை நிற்கவே இல்லை ஸாதிக். சத்தம் போகிறது, உன் விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கின்றன. நான்கு நொடி. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாய். நான் மிக்ஸரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் கட்டைவிரல் உன் குமிழின் மேல் இருக்கிறது. ஊத்துக்கு முன்னால் வைத்த மைக்கைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு உன்னை அடைத்துவிட்டேன். நீ அதைப் பார்க்கிறாய். பார்த்த பிறகுதான் கையை எடுத்துவிட்டுத் தலையைக் குனிகிறாய், யாரும் என் பக்கம் திரும்பாதபடி. நான் விளக்கு அணைந்ததைக் கண்டு திருப்பித் திறக்கும்வரை அப்படியே இருக்கிறாய்.

ஏன் எழுதவில்லை என்று கேட்கமாட்டேன். மூன்று வருடம் எழுதாதவள் கேட்க முடியாது. ஸி ஹம்தாவிடம் சொல்லிவிடாதே. மஹ்தியாவே என் கட்டைவிரலுக்காக அழுதது என்று தெரிந்தால் அந்த மனிதர் ஊத்தைத் தொடமாட்டார்.

இது போக, பாட்டை முழுவதும் கேட்டேன். இந்த முறை ஊசியைப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு இடத்தில் தப்பு. மூன்றாவது அடியில் எப்போதும் பிந்துகிறாய், சுண்டுவிரல் சோம்பேறி, கடைசி வரியில் நீ வாசித்தது வேறு பாட்டு. அவையெல்லாம் உன்னுடையவை, என் மேல் போட முடியாது. பட்டியலைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

திருத்திக்கொள்ளும்வரை விடப்போவதில்லை என்று எச்சரிக்கும்,
உன் அக்கா நஜீபா